தினம் ஒரு மாத்திரை: இமாட்டினிப் சாப்பிடுகிறவர் வீட்டுக்கு

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ வேறு எதற்காகவோ ரத்தம் எடுத்துப் பார்க்கும்போதுதான் சி.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் அகப்படுகிறது. அசதி, இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம், சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவது, இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். சீட்டில், 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை அணு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்பார்கள். விழுப்புரத்துக்காரருக்கும் திண்டிவனத்துக்காரருக்கும் அது அநேகமாகப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிலர் சென்னைக்கு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போவார்கள். சிலர் காட்பாடி ரயிலைப் பிடித்து வேலூர் சி.எம்.சி.க்கு.

எங்கே போனாலும், நோய் உறுதியான பிறகு கையில் கொடுத்து அனுப்புவது பெரும்பாலும் ஒரே மாத்திரைதான்: இமாட்டினிப், 400 மில்லிகிராம், தினம் ஒன்று. படுக்கையில் சேர்க்கவில்லை, ஊசி இல்லை, தலைமுடி கொட்டவில்லை. ‘இதுவா கேன்சர் வைத்தியம்?’ என்று வீட்டில் சந்தேகம் வரும். ‘ப்ளட் கேன்சர்’ என்றதும் சினிமாவில் பார்த்த சாவுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் இந்த மாத்திரை அட்டைக்கும் பொருந்தவே இல்லை. சந்தேகம் நியாயமானது. பதிலை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்த வைத்தியம் இனி நடக்கப்போவது ஆஸ்பத்திரியில் அல்ல, உங்கள் வீட்டு அடுப்படியில்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது

நம் உடம்பின் பெரும்பாலான அணுக்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. இந்த நோயில், எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் 9-ஆம் குரோமோசோமின் துண்டும் 22-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஏன் என்று பெரும்பாலானவர்களுக்குக் காரணம் காட்ட முடியாது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதில்லை, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. குட்டையாகிப்போன அந்த 22-ஆம் குரோமோசோமை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1960-இல் இருவர் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் ‘பிலடெல்பியா பாசிட்டிவ்’ என்று எழுதியிருக்கிறது. துண்டு மாறியதால்தான் அது குட்டையானது என்று காட்டியவர் ஜேனட் ரௌலி, 1973-இல்.

ஒட்டிக்கொண்ட இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற புது மரபணு உருவாகிறது. வெள்ளை அணுக்களை உற்பத்தி செய் என்று ஓயாமல் கட்டளை இடும் ஒரு புரதத்தை அது தயாரிக்கிறது. கரும்புக் கொல்லையில் ஸ்டார்ட்டர் பழுதாகி, நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டார் மாதிரி. இமாட்டினிப் அந்த ஸ்டார்ட்டரைக் கழற்றி எறிவதில்லை. அதன் நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கை எடுத்தால் மோட்டார் மறுபடி ஓடும்.

பழைய கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் எல்லா அணுக்களையும் அடித்தன. முடி கொட்டுதல், வாய்ப்புண், வாந்தி என்று வந்ததெல்லாம் அதனால்தான். இமாட்டினிப்போ அந்தக் குறிப்பிட்ட புரதத்தின் ஓர் இடுக்கில் போய் உட்காரும்படி வடிவமைத்த மருந்து. பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவரும் நிக்கலஸ் லைடன் என்ற உயிர்வேதியியலாளரும் இதற்காகப் பல வருடம் உழைத்தார்கள். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2000-இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில், இந்த மாத்திரையோடு வைத்தியம் தொடங்கியவர்களில் பத்தாண்டு கழித்து 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். இதற்கு முந்தைய தலைமுறையில் இந்த நோய்க்கு அப்படி ஒரு எண்ணை யாரும் எழுதியதில்லை.

விலை இறங்கிய கதை

நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் க்ளிவெக் இங்கே விற்றபோது மாதச் செலவு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நாட்கோ போன்ற இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நாட்கோவின் ‘வீனாட்’ அட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பெனிகளைத் தடுத்துவிடக்கூடிய காப்புரிமை ஒன்றை, மருந்தின் ஒரு படிக வடிவத்துக்காக, நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கேட்டிருந்தது. 2006 ஜனவரியில் அங்கே நிராகரித்தார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது; 2007 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது. நோவார்ட்டிஸ் ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்துவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தானம் கிடைப்பதும் கடையில் கட்டுப்படியான விலைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘விலை குறைந்த மாத்திரை, போலியாக இருக்குமோ’ என்று பயந்து, நிலத்தை அடகு வைத்து வெளிநாட்டுப் பெயர் போட்ட டப்பாவை வாங்கும் குடும்பங்கள் உண்டு. தேவையில்லை. உங்கள் மருத்துவமனை கொடுக்கும் இந்தியத் தயாரிப்பைச் சாப்பிட்டு, அது வேலை செய்கிறதா என்பதைப் பரிசோதனையில் பாருங்கள். கம்பெனி மாறினால் மட்டும், எந்தத் தேதியில் மாறியது என்று நோட்டில் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்படிச் சாப்பிடுவது

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பலர் முதல் மாதமே வெறுத்துப்போவது இதனால்தான். டீ, பன்னோடு போடுவதும் போதாது. மத்தியானச் சோறோ ராத்திரிச் சாப்பாடோ, எந்த வேளை நீங்கள் கட்டாயம் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களோ அந்த வேளை. விடியற்காலையில் மல்லாட்டை பிடுங்கவோ கரும்பு வெட்டவோ போகிறவர் காலை வேளையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது உத்தமம். போட்டதும் படுத்துவிடாதீர்கள். விழுங்க முடியாதவர்கள் மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கரைந்ததும் முழுவதையும் குடித்துவிடலாம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அந்தக் கரைசலையும் உடைந்த மாத்திரையையும் தொட வேண்டாம்.

மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அதை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்டு வாந்தி எடுத்தாலும் உடனே இன்னொன்று போடாமல் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை 100 மில்லிகிராமிலும் வருகிறது, 400-லும் வருகிறது. மருந்துக் கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“அண்ணே, நானூறு ஸ்டாக் இல்ல. நூறுதான் இருக்கு, தரட்டா?”

“அதே மாத்திரைதானப்பா? குடு.”

அதே மருந்துதான். ஆனால் இனி தினம் நான்கு போட வேண்டும். பழக்கத்தில் ஒன்றையே போட்டுக்கொண்டு ஒரு மாதம் போனால், கால் பங்கு மருந்தில் ஒரு மாதம் ஓட்டியதாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். படிக்கிற பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களைவிடக் கறாராகப் பார்க்கும்.

முதல் சில வாரங்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா காப்ஸ்யூலும் அலோபியூரினால் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். எண்ணிக்கை இறங்கியதும் அவற்றை நிறுத்துவார்கள். எது நின்றது, எது தொடர்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, நின்றதைச் சீட்டில் அடித்துவிடச் சொல்லுங்கள்.

நன்றாக இருக்கிறது, அதனால்

இரண்டு மூன்று மாதத்தில் வெள்ளை அணு சரியாகும், வயிற்றுக் கனம் போகும், பசி எடுக்கும். ஆபத்தான காலம் அப்போதுதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. நோயாளி கஷ்டப்படும்போது மாத்திரையை யாரும் மறப்பதில்லை. உடம்பு தேறி, நடவு வேலையோ கம்பெனி வேலையோ பழையபடி ஆனபிறகு வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்குப் போனபோது ஒன்று, அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் இரவு முழுக்கக் கண்விழித்தபோது ஒன்று என்று விட்டுப்போகும்.

லண்டனில் 87 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. மாத்திரைப் புட்டியின் மூடியில் சிறு மின்னணுச் சில்லு. எப்போது திறந்தார்கள் என்று அது பதிந்துவைக்கும். பத்து மாத்திரையில் ஒன்பதுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் 100-க்கு 94 பேருக்கு நோய் நல்ல அளவுக்கு அடங்கியது. அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் 100-க்கு 28 பேருக்குத்தான். மாதத்தில் மூன்று மாத்திரை விட்டாலே நாம் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறோம். அரைகுறையாக மருந்து போகும்போது, அதற்கு அடங்காத அணுக்கள் தலையெடுக்க இடம் கிடைக்கிறது. அதனால் கோயிலுக்குப் போனாலும் சட்டைப் பையில் இரண்டு மாத்திரை இருக்கட்டும். விரதம் இருப்பவர் ஒரு வேளையாவது சாப்பிட்டுத்தானே விரதத்தை முடிக்கிறார். அந்த வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரம்ஜான் நோன்பு இருப்பவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உடம்பு காட்டும் மாற்றங்கள்

காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். இது மிகவும் சகஜம். உப்பு, ஊறுகாய், கருவாட்டைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். ஆனால் நாலைந்து நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ உடனே போக வேண்டும். ராத்திரியில் கெண்டைக்காலும் விரல்களும் இழுத்துப் பிடிக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள், சிலருக்குக் கால்சியம் எழுதுவார்கள். பேதி, தோலில் தடிப்பு, அசதி ஆகியவையும் உண்டு.

நம் நிறத்தவர்களுக்கு ஒரு விஷயம் அதிகம் தெரியும்: சில மாதங்களில் முகமும் கையும் வெளுக்கத் தொடங்கும். தோலுக்கு நிறம் தரும் அணுக்களிலும் இந்த மருந்து கைவைப்பதுதான் காரணம். ‘என்னம்மா, சிவப்பாயிட்டே?’ என்று ஒருவர் மகிழ்வார். வெண்குஷ்டமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தீங்கற்றது, தொற்றாது.

ரத்த அணு எண்ணிக்கை அளவுக்கு மீறி இறங்குவது வேறு ரகம். முதல் சில மாதங்களில் அடிக்கடி ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், பல் ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன திட்டுகள், மஞ்சளான கண் வந்தால் நாட்டு மருந்துக் கடைக்கோ கீழாநெல்லிக்கோ போகாதீர்கள். நேரம் பார்க்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் ‘இமாட்டினிப் சாப்பிடுகிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்காக டாக்டரே மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லலாம். அப்போது ‘எந்தத் தேதியில் மறுபடி ரத்தம் பார்க்கணும்?’ என்று கேட்காமல் அறையைவிட்டு வராதீர்கள். ‘டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்’ என்று அரை வருடம் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

கூடச் சேரக் கூடாதவை

நம் மாவட்டங்களில் முதலில் சொல்ல வேண்டியது காசநோய் மருந்து. அதிலுள்ள ரிஃபாம்பிசின் (சிறுநீரைச் செம்மஞ்சளாக்குமே, அதுதான்) ஈரலை முடுக்கிவிட்டு, ரத்தத்தில் இமாட்டினிப்பை நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். காசநோய் சிகிச்சையும் முக்கியம், இதுவும் முக்கியம். இரண்டு டாக்டர்களும் கலந்து பேசி மருந்தைத் திட்டமிட வேண்டும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். நேர்மாறாக, பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், சில ஆன்டிபயாட்டிக்குகள், பம்பளிமாஸ் பழம் ஆகியவை மருந்தின் அளவை ஏற்றிவிடும். மூலிகை லேகியம், சூரணம் எதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சேர்க்காதீர்கள். சாராயம் வேண்டவே வேண்டாம், மருந்தைக் கையாளும் ஈரலால் அதையும் சுமக்க முடியாது.

குழந்தை பெறும் வயதுப் பெண்கள் இந்த மருந்து எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, பாலும் கொடுக்கக் கூடாது. சிசுவுக்கு ஊனம் வரும் அபாயம் உண்டு. மேற்கு நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருகிறது. இங்கே வருகிறவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர். அதனால் இந்தக் கேள்வி நம் ஊரில் தினசரிக் கேள்வி. நாள் தள்ளிப்போனால் பயந்து தானாக மாத்திரையை நிறுத்தாமல், அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லித் திட்டமிட வழி இருக்கிறது. மாமியார் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள்.

பி.சி.ஆர். சீட்டைப் படிப்பது

சாதாரண ரத்தப் பரிசோதனை நோய் அடங்கியதா என்று முழுதாகச் சொல்லாது. அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) அளவைப் பார்க்கும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை. சீட்டில் விழுக்காட்டில் ஓர் எண் இருக்கும். மூன்றாம் மாதம் 10-க்குள், ஆறாம் மாதம் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வந்திருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். சீட்டை லேமினேட் செய்யாமல் ஒரு கோப்பில் தேதி வாரியாக வையுங்கள்.

எண் இறங்காவிட்டால், அல்லது இறங்கி ஏறினால், டாக்டர் முதலில் கேட்பது ‘ஒழுங்காகப் போட்டீர்களா?’ என்றுதான். உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால், மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். உண்மையாகவே மாற வேண்டி வந்தால் பழைய பழக்கத்தையும் மாற்ற வேண்டும்: நிலோட்டினிப் காப்ஸ்யூல் சாப்பாட்டோடு போடக் கூடாது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டு, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. டாசாட்டினிப் எடுப்பவர் கடையில் வாங்கும் ‘கேஸ் மாத்திரை’யைக் கேட்காமல் போடக் கூடாது.

பணமும் மழையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். மருந்து எந்தத் திட்டத்தில் வரும், பி.சி.ஆர். எதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலும் சமூகப் பணியாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்; மருந்து இலவசமாகக் கிடைத்து, பரிசோதனைக்குக் கைக்காசு கேட்பது பல குடும்பங்களில் நடப்பதுதான். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு: சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, உடன் போகிறவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

வீட்டில் எப்போதும் பத்து நாள் மாத்திரை உபரியாக இருக்கட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதால் ரயில்கள் நின்றன, சாலைகளும் அறுந்தன. அந்த வாரம் மாத்திரை தீர்ந்தவர் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போயிருப்பார்? ஐப்பசி, கார்த்திகையில் முன்கூட்டியே இரண்டு மாதத்துக்கு எழுதித் தரக் கேளுங்கள். அட்டையைப் பாத்ரூமிலோ ஓட்டு வீட்டின் சூடான பரணிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் படாத நிழலில்.

எப்போது நிறுத்தலாம்?

எல்லாரும் கேட்பது. சில வருடங்களுக்கு முன்புவரை ‘ஆயுள் முழுக்க’ என்பதே பதில். இப்போது, பல வருடம் மருந்து எடுத்து, அதிலும் குறைந்தது இரண்டு வருடம் பி.சி.ஆரில் நோய் ஏறக்குறையத் தெரியாத அளவுக்கு அடங்கியவர்களில் சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்க்கிறார். நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். உடனே மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக எல்லாருக்கும் மறுபடி அடங்கிவிடுகிறது. அந்த ‘உடனே’ என்பதற்காக, முதல் ஆறு மாதமாவது மாதாமாதம் பி.சி.ஆர். பார்த்தாக வேண்டும். அதற்குப் பணமும் பயணமும் கட்டாதவர், சீட்டில் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும், நிறுத்துகிற பேச்சை எடுக்கவே வேண்டாம்.